பெண்களின் தன்னுருவப் படங்கள்: தென்னிந்தியப் புகைப்பட வரலாற்றில் உடலும் விழைவும்

தன்னுருவப் படம் என்பது ஒருவர் தன்னையே பொருளாகக் கொண்டு உருவாக்கும் படம். புகைப்படக்கலையில் இது இரண்டு வகைகளில் அமைகிறது. கேமராவின் பொத்தானைத் தானே அழுத்தி எடுப்பது முதல் வகை. ஒளி, உடை, பின்திரை, நிற்கும் முறை, பார்வை ஆகியவற்றைத் தானே முடிவு செய்து, பொத்தானை அழுத்தும் வேலையை மட்டும் பிறரிடம் விடுவது இரண்டாம் வகை. உலக அளவில் அறியப்பட்ட பெண்களின் தன்னுருவப் படங்களில் பல இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. எனவே ஒரு படம் தன்னுருவப் படமா என்பதைத் தீர்மானிப்பது, அதில் இருப்பவர் எப்படித் தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்தவர் யார் என்ற கேள்வியே.

பெண்ணின் படத்தைப் பொறுத்தவரை இக்கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. புகைப்படம் தோன்றிய காலம் முதலே பெண்ணுடல் பிறரின் விழைவுக்கான காட்சியாகவும், ஆய்வுக்கான சான்றாகவும், விற்பனைப் பொருளாகவும் இருந்து வந்தது. அந்த உடலுக்கு உரியவளே அதைத் தன் விருப்பப்படி காட்டத் தொடங்கியபோது வரலாற்றில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பதைத் தென்னிந்தியாவை மையமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. 2000 முதல் 2004 வரை புஷ்பமாலா என்., கிளேர் ஆர்னி ஆகியோர் உருவாக்கிய 'தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்: பழக்கவழக்கங்கள்' என்னும் புகைப்படத் தொடர் இதன் முதன்மையான எடுத்துக்காட்டு.

மேலை நாடுகளில் தொடக்கம்

புகைப்படக்கலை 1839-ல் பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த ராபர்ட் கார்னீலியஸ் தன்னைத் தானே படமெடுத்தார். இன்று கிடைக்கும் மிகப் பழைய தன்னுருவப் புகைப்படங்களில் அது ஒன்று.

பெண்களில் இத்துறையின் முன்னோடியாகக் கருதப்படுபவர் கஸ்தீலியோனே சீமாட்டி எனப்பட்ட விர்ஜீனியா ஓல்டோயினி (1837–1899). இத்தாலியப் பிரபுக் குடும்பத்தவரான இவர் 1856 முதல் பாரிசின் பியேர் லூயி பியேர்சன் என்ற புகைப்படக்காரரைக் கொண்டு 400-க்கும் மேற்பட்ட படங்களை எடுக்கச் செய்தார். ராணி, துறவி, விதவை எனப் பல வேடங்கள் பூண்டார். வெறும் கால்களை மட்டும் படமெடுக்கச் சொன்னார். படச்சட்டம் ஒன்றைக் கண்ணருகே பிடித்து, அதன் வழியே பார்ப்பவரைத் திரும்பிப் பார்த்தார். பொத்தானை அழுத்தியவர் பியேர்சன் என்றாலும் எல்லா முடிவுகளும் சீமாட்டியுடையவை. தன் அழகைத் தானே அரங்கேற்றிய முதல் பெண் என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் இவரைக் கொண்டாடுகின்றனர். ஆண்கள் எப்படிப் பார்த்தார்களோ அப்படியே தன்னையும் பார்க்கப் பழகியவர் என்று வேறு சிலர் மதிப்பிடுகின்றனர். பெண்களின் தன்னுருவப் படங்களைப் பற்றிய விவாதம் இன்றுவரை இந்த இரு நிலைகளுக்கிடையேதான் நடக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் பிரான்சின் குளோத் கஹூன் ஆண், பெண் என்ற எல்லையைக் கலைக்கும் வேடங்களில் தன்னைப் படமெடுத்தார். அமெரிக்கரான சிண்டி ஷெர்மன் 1977-க்கும் 1980-க்கும் இடையே, எடுக்கப்படாத திரைப்படங்களின் காட்சிகள் போலத் தன்னைப் பல பாத்திரங்களில் அமைத்தார். இதற்குச் சற்று முன், 1975-ல், பிரித்தானியத் திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வி 'ஆண் பார்வை' என்ற கருத்தை முன்வைத்திருந்தார். வெகுசனத் திரைப்படத்தில் பார்ப்பவன் ஆணாகவும் பார்க்கப்படுபவள் பெண்ணாகவும் அமைக்கப்படுகின்றனர் என்பது அதன் சாரம்.

சென்னையில் புகைப்படக்கலை

இந்தியாவில் புகைப்படக்கலை வேரூன்றிய முதல் நகரங்களுள் சென்னையும் ஒன்று. மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர் 1850-ல் இங்கு தொடங்கிய கலைப்பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. 1856-ல் சென்னைப் புகைப்படச் சங்கம் தோன்றியதிலும் ஹண்டருக்குப் பெரும் பங்குண்டு. அதே ஆண்டில் லின்னேயஸ் டிரைப் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். திருவரங்கம், தஞ்சாவூர், மதுரை ஆகிய ஊர்களின் கோயில்களையும் அரண்மனைகளையும் அவர் பெரிய அளவில் பதிவு செய்தார்.

டிரைப்பின் படங்களில் மனிதர்கள் மிகக் குறைவு. கட்டடங்களைப் பதிவு செய்து முடித்த பின்னரே காலனி அரசின் கேமரா மக்கள் பக்கம் திரும்பியது. அப்போது பெண்ணுடல் இரண்டு வழிகளில் படத்துக்குள் வந்தது. ஒன்று அறிவியலின் பெயரால். மற்றொன்று வணிகத்தின் பெயரால்.

அளவிடப்பட்ட உடல்

1868-க்கும் 1875-க்கும் இடையே 'இந்திய மக்கள்' என்ற தலைப்பில் எட்டுத் தொகுதிகள் லண்டனில் வெளிவந்தன. 1857-ன் எழுச்சிக்குப் பிறகு, ஆளப்படும் மக்களை இனம், சாதி, தொழில் வாரியாக அறிந்துகொள்ளும் தேவை ஆட்சியாளர்களுக்கு ஏற்பட்டிருந்தது. இத்தொகுதிகளில் படமாக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் தம் பெயரால் அறியப்படவில்லை. ஒவ்வொருவரும் ஒரு சாதியின் அல்லது குடியின் 'மாதிரி'யாகவே வைக்கப்பட்டனர்.

தென்னிந்தியாவில் இப்பணியைப் பெரிய அளவில் செய்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை எழும்பூரிலுள்ள சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த இவர், கே.ரங்காச்சாரியின் துணையுடன் தொகுத்த 'தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும்' என்னும் நூல் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. தலையின் நீள அகலம், மூக்கின் அகலம் ஆகியவற்றைக் கருவிகளால் அளந்து மக்களை வகைப்படுத்தும் முறையை தர்ஸ்டன் பின்பற்றினார். புகைப்படமும் அந்த அளவுகோல்களில் ஒன்றாயிற்று.

உடலை அளப்பதற்காகக் கட்டம் போட்ட பின்திரையின் முன் மக்களை நிறுத்திப் படமெடுக்கும் முறையும் அக்காலத்தில் வழக்கத்தில் இருந்தது. அறிவியல் என்று சொல்லப்பட்டதால் ஆடையில்லாத உடலைப் படமெடுப்பதற்கும் அச்சிடுவதற்கும் தடை இருக்கவில்லை. ஐரோப்பியப் பெண்ணின் உடலென்றால் ஆபாசம் எனப்பட்டிருக்கும் ஒன்று, பழங்குடிப் பெண்ணின் உடலாக இருந்தபோது ஆவணம் எனப்பட்டது.

உடல் மீதான அதிகாரம் காலனி ஆட்சியுடன் தொடங்கியதல்ல. திருவிதாங்கூரில் நாடார் முதலிய ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. தோள்சீலைப் போராட்டம் எனப்படும் அதன் விளைவாக 1859-ல் மன்னரின் ஆணை வெளிவந்தது. எந்தப் பெண் உடலை மறைக்கலாம், எந்தப் பெண் மறைக்கக் கூடாது என்பதைச் சாதி முடிவு செய்த நிலப்பகுதியில்தான் கேமரா வந்து இறங்கியது.

விற்கப்பட்ட உடல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையிலும் பிற நகரங்களிலும் வணிகப் புகைப்பட நிலையங்கள் பெருகின. கோயில்களும் கடற்கரைகளும் இருந்த விற்பனைப் பட்டியலில் 'நாட்டியப் பெண்' என்ற வகையும் இடம்பெற்றது. தேவதாசி மரபைச் சேர்ந்த ஆடற்பெண்களின் படங்கள் முதலில் ஒட்டுப்பட அட்டைகளாகவும் பின்னர் அஞ்சலட்டைகளாகவும் விற்கப்பட்டன. இந்தியாவில் பணிபுரிந்த ஐரோப்பியர் அவற்றை வாங்கித் தாயகத்துக்கு அனுப்பினர். இசையும் நடனமும் கற்று, சொத்துரிமையும் பெற்றிருந்த கலைஞர்கள் அந்த அட்டைகளில் நகையும் பட்டும் அணிந்த பெயரற்ற அழகிகளாக மாறினர்.

ஓவியத்திலும் இதே போக்கு நிலவியது. ராஜா ரவி வர்மா (1848–1906), கண்ணாடி முன் கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்துக்காக 1873-ல் சென்னை நுண்கலைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றார். 1894-ல் அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் நாடெங்கும் வீடுகளின் சுவர்களுக்கு வந்தனர். தமிழ்நாட்டின் நாட்காட்டிப் படங்களிலும் திரைப்பட ஒப்பனையிலும் 'அழகிய பெண்' எப்படி இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை வடிவமைத்ததில் இந்த அச்சுப்படங்களுக்குப் பெரும் பங்குண்டு.

பெண் தன் விழைவைத் தானே சொன்னபோது கிடைத்த வரவேற்பு வேறு. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராத்திய அரசவையைச் சேர்ந்த முத்துப்பழனி, ராதையின் காமத்தை மையமாகக் கொண்டு தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனம்' என்ற காவியத்தை எழுதினார். இசைக்கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மாள் அதை 1910-ல் சென்னையில் முழுமையாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று கூறி அரசு அந்நூலைத் தடை செய்தது. தேவதாசிகளின் படங்கள் அஞ்சலட்டைகளாக விற்பனையில் இருந்த காலம் அது. ஒரு தேவதாசியின் உடலை விற்க இருந்த அனுமதி, இன்னொரு தேவதாசி தன் விருப்பத்தை எழுத இருக்கவில்லை. தடை நாடு விடுதலை அடையும் காலத்தில்தான் நீங்கியது. கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் நிறைவேறியது.

கேமராவுக்குப் பின்னால் பெண்கள்

பெண்களே கேமராவைக் கையாண்ட நிகழ்வுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உண்டு. கல்கத்தாவில் பிறந்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன் 1875-ல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879-ல் இறக்கும் வரை அங்குள்ள மக்களைப் படமெடுத்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த பெண்களின் படங்கள் பலவற்றில் பெயர்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. இலங்கையில் எடுத்த படங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெயரற்றவர்கள். கேமராவைப் பிடிப்பவர் பெண்ணாக இருந்தால் மட்டும் பார்வை மாறிவிடாது என்பதற்கு இது சான்று.

திரிபுரா அரசர் வீரசந்திர மாணிக்யரும் (ஆட்சிக்காலம் 1862–1896) அரசி மன்மோகினியும் நெருங்கி அமர்ந்திருக்கும் படம், இந்தியாவில் எடுக்கப்பட்ட தொடக்ககாலத் தன்னுருவப் படங்களில் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறது. அரசியும் புகைப்படக்கலை பயின்றவர். கணவன் மனைவியின் நெருக்கத்தை அவர்களே பதிவு செய்துகொண்டார்கள் என்பது அக்காலத்துக்கு அரிது. ஹைதராபாத்தில் லாலா தீன் தயாள் 1892-ல் பர்தா முறையைப் பின்பற்றும் பெண்களுக்கெனத் தனி ஸ்டூடியோ அமைத்து, கென்னி லெவிக் என்ற ஆங்கிலப் பெண்மணியிடம் பொறுப்பை ஒப்படைத்தார். அந்நிய ஆணின் கண் படாமல் படம் எடுத்துக்கொள்ள விரும்பிய பெண்கள் இருந்தார்கள் என்பதை இது காட்டுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் ஓவியர் அம்ரிதா சேர்கில் (1913–1941) தன் உடலையே பொருளாகக் கொண்டு தன்னுருவ ஓவியங்கள் வரைந்தார். 1934-ல் வரைந்த ஓவியம் ஒன்றில், பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் வரைந்த தாஹித்தித் தீவுப் பெண்களின் இடத்தில் மேலாடையின்றித் தன்னை நிறுத்திக்கொண்டார். ஐரோப்பிய ஆணின் கற்பனையில் இருந்த 'கீழைநாட்டுப் பெண்' என்ற இடத்தை, அவ்வாறு பார்க்கப்பட்ட ஒருத்தியே எடுத்துக்கொண்ட முதல் முயற்சிகளில் இது ஒன்று.

ஸ்டூடியோவும் நிலைக்கண்ணாடியும்

கலை உலகத்துக்கு வெளியே, தமிழ்ப் பெண்களின் உருவம் பதிவான இடம் ஊர்தோறும் இருந்த ஸ்டூடியோ. தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரித்தானிய நூலகத்தின் ஆதரவுடன் தேடித் தொகுத்து மின்னாக்கம் செய்துள்ளது.

தமிழ் ஸ்டூடியோக்களுக்கே உரிய ஒரு படவகை நிலைக்கண்ணாடிப் படம். பூப்பெய்திய பெண், மணப்பெண், வளைகாப்பு முடிந்த பெண் ஆகியோர் பூஜடை தைத்து, ஆளுயரக் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்பார்கள். முகம் நேராகவும் பின்னலில் தைத்த பூக்கள் கண்ணாடியிலுமாக இரண்டும் ஒரே படத்தில் விழும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்க் குடும்பங்களின் பழைய ஆல்பங்களிலும் இவ்வகைப் படங்களைக் காணலாம். பெண்ணுடல் பருவம் அடைந்ததையும் தாய்மை அடைந்ததையும் குடும்பம் உலகுக்கு அறிவிக்கும் படம் இது. உடலே இதன் பொருள். ஆனால் அந்தப் படத்தை எடுக்க முடிவு செய்பவர்கள் தாய், அத்தை, பாட்டி ஆகியோர். தலையைச் சாய்க்கச் சொல்பவர் புகைப்படக்காரர். பெண் இரண்டு முறை தெரியும் அந்தப் படத்தில் அவளுடைய முடிவு என்று பெரும்பாலும் எதுவும் இல்லை.

1960-களில் இந்தப் புறநகர்கள் தொழில் நகரங்களாயின. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் அமைந்தன. உதகமண்டலத்தில் 1960-ல் நிறுவப்பட்டு 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் படச்சுருள் தயாரித்த அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ஒரு பிரிவும் அம்பத்தூரில் இயங்கியது. பின்னாளில் ஆயத்த ஆடை ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் ஏராளமான பெண்கள் வேலைக்குச் சேர்ந்தனர். தொழிற்சாலை அடையாள அட்டை, 1993 முதல் வந்த வாக்காளர் புகைப்பட அட்டை ஆகியவற்றுக்காகப் பெண்கள் தனியாகப் படம் எடுத்துக்கொள்ளும் தேவை பரவலாயிற்று. குடும்பத்தின் பக்கத்தில் நிற்காத பெண்ணின் படம் இவ்வாறு வேலையின் வழியாகவும் குடியுரிமையின் வழியாகவும் வந்தது. அதிலும் எப்படித் தெரிய வேண்டும் என்பதை அலுவலக விதியே முடிவு செய்தது.

'தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்'

புஷ்பமாலா என். 1956-ல் பெங்களூரில் பிறந்தவர். பரோடாவில் சிற்பக்கலை பயின்று, சிற்பியாக அறியப்பட்ட பின் 1990-களின் நடுவில் புகைப்படத்துக்கு வந்தார். 1996-க்கும் 1998-க்கும் இடையே பம்பாயில் எடுத்த 'மாயப்பெண்' தொடரில், 1930-களின் சாகசப்பட நாயகி நாடியாவை நினைவூட்டும் முகமூடி அணிந்த பெண்ணாகத் தோன்றினார். அதைத் தொடர்ந்து, பெங்களூரில் வாழும் பிரித்தானியப் புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியுடன் இணைந்து 'தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்' தொடரை உருவாக்கினார். இந்தியக் கலை அறக்கட்டளை இதற்கு நல்கை வழங்கியது.

தலைப்பே காலனிகால இனவரைவியல் நூல்களைக் கேலி செய்வது. முதல் பகுதியில், தென்னிந்தியப் பெண் எப்படியெல்லாம் படமாக்கப்பட்டாளோ அந்தப் படங்களில் பத்தைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் ஸ்டூடியோவில் மீண்டும் அமைத்தனர். ரவி வர்மாவின் நிலவொளியில் அமர்ந்திருக்கும் பெண், அவருடைய லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, பிஜப்பூர்ச் சிற்றோவியத்தின் யோகினி, நகை பறித்ததாகக் கைதாகிச் செய்தித்தாளில் படம் வெளியான பெண்கள், கட்டம் போட்ட திரையின் முன் நிறுத்தப்பட்ட தோடர் பெண், ஜெயலலிதா சவுக்கு ஏந்தி நிற்கும் தமிழ்த் திரைப்படக் காட்சி ஆகியவை அவற்றுள் அடங்கும். இப்பாத்திரங்களில் புஷ்பமாலா தானே வேடமேற்றார்.

இந்தத் தேர்வில் ஓர் ஒழுங்கு உண்டு. தெய்வம், அழகி, குற்றவாளி, பழங்குடி, நடிகை ஆகிய ஐந்து வகைகளும் ஒரே உடலில் ஏற்றப்படும்போது, அவை பெண்களின் இயல்புகளாகத் தெரிவதில்லை. பார்ப்பவரிடம் உள்ள அச்சுகளாகத் தெரிகின்றன. லட்சுமியாக நின்றபோது வணங்கத்தக்கதாக இருக்கும் அதே உடல், கட்டத்திரைக்கு முன் அளவிடத்தக்கதாகவும், காவல்துறைப் படத்தில் சந்தேகத்துக்குரியதாகவும் மாறுகிறது. மாறியவை பின்திரையும் ஒளியும் உடையும் மட்டுமே.

ஜெயலலிதாவின் படம் தமிழ் வாசகருக்குக் கூடுதல் பொருள் தருவது. கதாநாயகியாக அவர் திரையில் விழைவுக்குரியவராகக் காட்டப்பட்டார். புஷ்பமாலா இத்தொடரை உருவாக்கிய ஆண்டுகளின் பெரும்பகுதியில் அவர் தமிழ்நாட்டின் முதலமைச்சர். நடிகையாக இருந்ததைச் சொல்லி எதிரிகள் இழிவுபடுத்திய ஒரு பெண், ஆண் அமைச்சர்கள் காலில் விழும் தலைவராக மாறியிருந்தார். கையில் சவுக்குடன் இருக்கும் பழைய படத்தை மீண்டும் அமைத்தபோது, விழைவுக்குரிய உடலும் அதிகாரத்துக்குரிய உடலும் ஒன்றாக இருக்க முடியும் என்பதை அது காட்டியது.

தொடரின் பிற பகுதிகள் முதல் பகுதியைக் குலைத்துப் பார்ப்பவை. இனவரைவியல் பகுதியில் அப்பாத்திரங்கள் காலனிகாலப் பதிவுகள் போல் மீண்டும் படமாக்கப்பட்டனர். வெகுசனப் பகுதி மக்களிடையே புழங்கும் மலிவான படவகைகளைப் பின்பற்றியது. செய்முறைப் பகுதி பின்திரை, விளக்கு, ஒப்பனை, உதவியாளர்கள் என எல்லாவற்றையும் வெளிப்படையாகக் காட்டியது. கறுப்புத் தோல் கொண்ட ஒரு கலைஞரும் வெள்ளைத் தோல் கொண்ட ஒரு கலைஞரும் சேர்ந்து காலனிகாலப் படங்களை மறுபடி உருவாக்கியதால், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்ற கேள்வி படத்துக்குள்ளேயே நின்றது.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் வாழும் அன்னு பாலக்குன்னத்து மாத்யூ, எட்வர்ட் கர்ட்டிஸ் எடுத்த செவ்விந்தியர் படங்களுக்கு அருகில் அதே தோற்றத்தில் தன் படத்தை வைத்துத் தன்னுருவத் தொடர் ஒன்றை உருவாக்கினார்.

தமிழ்க் கவிதையில் இணையான நிகழ்வு

இத்தொடர் உருவான காலத்தில் தமிழ் இலக்கியத்திலும் இதே கேள்வி எழுந்தது. குட்டி ரேவதியின் 'முலைகள்' கவிதைத் தொகுப்பு 2002-ல் வெளிவந்தது. சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோரும் பெண்ணுடலையும் அதன் விழைவையும் பெண்ணின் நிலையிலிருந்து எழுதினர். 2003-ல் இக்கவிஞர்களுக்கு எதிராகக் கடும் கண்டனங்கள் கிளம்பின. மிரட்டல்களும் வந்தன. அதே சொற்களை ஆண் கவிஞர்கள் நெடுங்காலமாக எழுதி வந்தபோது எழாத எதிர்ப்பு, பெண்கள் எழுதியபோது எழுந்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நாகரத்தினம்மாளின் பதிப்புக்கு நேர்ந்ததை இது பெரிதும் ஒத்திருந்தது. சுகிர்தராணியின் கவிதைகள் இதில் தலித் பெண்ணின் உடலை முன்வைத்தன. சாதியால் தீண்டத்தகாதது எனப்பட்ட உடலே ஆதிக்க ஆணின் பாலியல் வன்முறைக்கு இலக்கானது என்ற முரணை அவை பேசின.

விமர்சனங்கள்

பெண்ணின் தன்னுருவப் படம் ஆண் பார்வையைக் கடந்துவிட்டது என்ற முடிவைப் பல விமர்சகர்கள் ஏற்பதில்லை. முதலாவது, ஒரு படம் பொதுவெளிக்கு வந்த பின் அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை எடுத்தவரால் கட்டுப்படுத்த முடியாது. கேலியாக எடுத்த படத்தை அழகுப்படமாக மட்டுமே ஒருவர் பார்க்கலாம். இரண்டாவது, நகரத்துக் கலைஞர் ஒருவர் தோடர் பெண்ணின் இடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும்போது, முதலில் நிறுத்தப்பட்ட பெண்ணுக்கு அவளுடைய பெயர் திரும்பக் கிடைப்பதில்லை. வேடத்தைக் கழற்றிவிட்டு வீடு திரும்பும் வசதி அவளுக்கு இருக்கவில்லை. மூன்றாவது, விழைவுக்குரிய உடலாகத் தன்னைக் காட்டும் தேர்வு எல்லாப் பெண்களுக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. கலைக்கூடத்தில் பாராட்டப்படும் ஒரு படம், ஒரு தொழிலாளிப் பெண்ணின் கைபேசியில் இருந்தால் அவள் வேலையையும் திருமணத்தையும் பாதிக்கலாம்.

புஷ்பமாலாவின் செய்முறைப் பகுதி இவ்விமர்சனங்களில் முதலாவதற்கு ஓரளவு பதில் தருகிறது. படம் கட்டமைக்கப்பட்டது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. மற்ற இரண்டும் திறந்த கேள்விகளாகவே உள்ளன.

புஷ்பமாலா 2019 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடந்த இரண்டாவது சென்னைப் புகைப்பட ஈராண்டு விழாவின் கலை இயக்குநராகப் பொறுப்பேற்றார். கண்ணாடிக்குள் சிறைப்பட்டு மனிதரைப் போலச் செய்யும்படி விதிக்கப்பட்ட உயிர்கள் ஒருநாள் அவ்வாறு செய்ய மறுக்கும் என்ற தொன்மக் கதையிலிருந்து அவ்விழாவின் கருப்பொருள் எடுக்கப்பட்டது.

கைபேசிக் காலம்

முன்பக்கக் கேமரா கொண்ட கைபேசிகள் பரவியபின் தன்னுருவப் படம் அன்றாடச் செயலாகிவிட்டது. நிலைக்கண்ணாடிப் படத்தில் பிறரின் சொல்லுக்குத் தலைசாய்த்த தலைமுறையின் பேத்திகள், புறநகர் ரயில் நிலையங்களிலும் கல்லூரி வளாகங்களிலும் கோணத்தையும் ஒளியையும் தாங்களே தேர்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிடிக்காததை அழிக்கும் உரிமையும் அவர்களிடமே உள்ளது. புகைப்பட வரலாற்றில் இது சிறிய மாற்றமல்ல.

ஆபத்தும் அதே அளவுக்குப் பரவியது. பெண்ணின் படத்தைத் திருத்தி ஆபாசமாக்குவது, நம்பிக்கையில் பகிர்ந்த படத்தைக் காட்டி மிரட்டுவது ஆகியவை பரவலான குற்றங்களாயின. 2019-ல் வெளிவந்த பொள்ளாச்சி வழக்கில் பெண்களைக் காணொளி எடுத்து மிரட்டிய கொடுமை தமிழ்நாட்டை உலுக்கியது. அவ்வழக்கில் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்துக் கோவை மகளிர் நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. இத்தகைய குற்றங்கள் வெளிவரும்போதெல்லாம் பெண்கள் படம் எடுத்துக்கொள்ளவே கூடாது என்ற அறிவுரையும் உடன் வருகிறது.

இந்தியச் சட்டம் அந்த அறிவுரையை ஏற்கவில்லை. 2013-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354சி பிரிவு சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 77-ஆம் பிரிவு. தன் அந்தரங்கம் படமாக்கப்பட ஒரு பெண் சம்மதித்திருந்தாலும், அது பிறருக்குப் பரப்பப்படச் சம்மதிக்கவில்லையெனில், பரப்புவது குற்றம் என்று அதன் விளக்கம் கூறுகிறது. படம் எடுக்கத் தந்த ஒப்புதல் வேறு, அதைப் பிறர் பார்க்கத் தரும் ஒப்புதல் வேறு என்பதே இதன் பொருள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும் அனுமதியின்றி ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைப் படமெடுப்பதையும் வெளியிடுவதையும் தண்டிக்கிறது.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் அளவுகோலுக்கு முன் நின்ற பெண்ணிடமும், அஞ்சலட்டைக்காக நிறுத்தப்பட்ட ஆடற்பெண்ணிடமும் இந்த இரண்டாவது ஒப்புதலை எவரும் கேட்கவில்லை. தன் உடலையும் விழைவையும் தானே படமாக்கிய பெண்கள் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் கேட்டு வந்தது அதைத்தான்.